ஆய்வுக்கூடக் கேள்வி – பதில்: துத்தநாகம் போனால் விரலும் போச்சு

மனித ஜிங்க் ஃபிங்கர் புரதத்தை விலைக்கு வாங்கியோ, ஈ.கோலை பாக்டீரியாவில் தாங்களே செய்தோ ஆய்வுக்குப் பயன்படுத்தும் மதுரை வட்டார வாசகர்களின் கேள்விகள் இம்முறை மொத்தமாக வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஜிங்க் ஃபிங்கர் என்கிறார்களே, புரதத்தில் விரல் எங்கே இருக்கிறது? துத்தநாகத்துக்கு அங்கே என்ன வேலை?
– பள்ளி ஆசிரியர், உசிலம்பட்டி

ஒரு விரல் என்பது சுமார் 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு. மிகப் பரவலான வகையில் இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடீனும் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியை நான்கு பக்கமும் பிடித்திருக்கும். 30 அமினோ அமிலம் என்பது மிகச் சிறிய நீளம். தானாக ஓர் உருவத்தில் மடிந்து நிற்க அதற்கு வலு போதாது. துத்தநாகம் நடுவில் இருந்தால்தான் மடிப்பு நிற்கும், எடுத்துவிட்டால் அவிழ்ந்துவிடும். இந்த இதழில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விடை இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

1985-இல் கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளூக் குழுவினர், ஜெனோபஸ் தவளையின் முட்டைச் செல்லில் கிடைக்கும் டி.எஃப்.3.ஏ என்ற புரதத்தில் இப்படி 9 துண்டுகள் அடுத்தடுத்து வருவதைக் கண்டு சொன்னார்கள். 1991-இல் பாவ்லெட்டிச், பாபோ இருவரும் மூன்று விரல் கொண்ட ஒரு புரதம் டி.என்.ஏ.வைப் பற்றியிருக்கும் படிக அமைப்பை வெளியிட்டார்கள். ஒரு விரல் ஏறத்தாழ மூன்று எழுத்தைத் தொடுகிறது என்பது அதில் தெளிவானது. மனித மரபணுத் தொகுப்பில் இந்த வகைப் புரதங்களுக்கு 700-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. எல்லா ஜிங்க் ஃபிங்கரும் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரிங், பி.எச்.டி, லிம் போன்ற வகைகள் பெரும்பாலும் வேறு புரதங்களைப் பிடிப்பவை.

கேள்வி: 50 மைக்ரோகிராம் புரதம் வரவழைத்தோம். பெட்டி வெள்ளிக்கிழமை மாலை கல்லூரி அலுவலகத்துக்கு வந்துவிட்டது, எங்கள் கைக்கு வந்தது திங்கட்கிழமை. சித்திரை வெயிலில் ஜெல் பேக் எல்லாம் தண்ணீராகிவிட்டது. புரதம் வந்த சிறு குப்பியான வயலும் காலியாகத் தெரிகிறது. பணம் போனதுதானா?
– முதுகலை மாணவி, திருமங்கலம்

முதலில் லேபிளைப் பாருங்கள். உறைநிலையில் உலர்த்திய தூள் என்று இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. தூளாக இருக்கும் புரதம் சில நாள் அறை வெப்பத்தைத் தாங்கும். திரவம் என்று இருந்தால் கதை வேறு. மூன்று நாள் 38 டிகிரியில் கிடந்த திரவப் புரதத்தை அப்படியே சோதனையில் போடக் கூடாது. ஜெல்லில் ஓட்டிப் பார்த்துவிட்டு, விற்றவருக்குப் படத்தோடு எழுதுங்கள். வந்த நாளும் பெட்டி இருந்த நிலையும் குறித்த புகைப்படம் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

வயல் காலியாகத் தெரிவது சகஜம். 50 மைக்ரோகிராம் என்பது ஓர் உப்புப் பரலின் எடைதான். டிரெஹலோஸ் சேர்த்து உலர்த்தியிருந்தால் வெள்ளைத் தூள் தெரியும், இல்லாவிட்டால் கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய படலம்தான். அது மூடியின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கலாம். அதனால் திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் 10,000 ஜி-யில் அரை நிமிடம் சுழற்றி அடிக்கு இறக்குங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த வயலுக்குள் காற்றின் ஈரம் படிந்துவிடும். 15, 20 நிமிடம் மேசையில் வைத்துவிட்டுத் திறங்கள்.

அடுத்த முறை திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்பச் சொல்லுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலை போகும் மின்சாரம் மாலைதான் வரும். அன்று ஃப்ரீசர் கதவைத் திறக்காமல், உறைந்த ஜெல் பேக்குகளை நெருக்கி அடுக்கி வைத்தால் போதும். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் மட்டும் வேண்டாம். அது ஒவ்வொரு சுற்றிலும் சற்றே சூடேறி இறங்கும்.

கேள்வி: எவ்வளவு தண்ணீரில் கரைப்பது? துத்தநாகம் சேர்க்க வேண்டுமா, எவ்வளவு? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– ஆய்வு மாணவர், நாகமலை புதுக்கோட்டை (இதே கேள்வி காரைக்குடியிலிருந்தும் வந்தது)

கணக்குப் போட்டுப் பார்த்தால் குழப்பம் தீரும். உங்கள் புரதம் 20 கிலோடால்டன், மூன்று விரல் என்று வைத்துக்கொள்வோம். 50 மைக்ரோகிராம் என்பது 2.5 நானோமோல். 100 மைக்ரோலிட்டரில் கரைத்தால் ஒரு மில்லிக்கு 0.5 மில்லிகிராம், அதாவது 25 மைக்ரோமோலார். மூன்று விரலுக்கு 75 மைக்ரோமோலார் துத்தநாகம் பிடிக்கும்.

சரியாக மடிந்து வந்த புரதத்தில் இந்தத் துத்தநாகம் ஏற்கெனவே இருக்கும். அப்போது சேர்க்க வேண்டியதில்லை, பஃபரில் (பி.எச் மாறாமல் காக்கும் கரைசலில்) 10 மைக்ரோமோலார் இருந்தால் போதும். தகவல் தாளில் ஈ.டி.டி.ஏ (உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் வேதிப்பொருள்) என்ற சொல் எங்காவது இருந்தாலோ, புரதத்தை யூரியாவில் பிரித்து மறுமடிப்பு செய்ததாக எழுதியிருந்தாலோ மட்டும், விரலுக்கு 1.2 மடங்கு என்ற கணக்கில் 90 மைக்ரோமோலார் கொடுங்கள். உள்ளே ஈ.டி.டி.ஏ இருந்தால் அதை டயாலிசிஸில் (சவ்வுப் பையில் வைத்துப் பஃபரை மாற்றும் முறை) வெளியேற்றிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். அது இருக்கும்வரை நீங்கள் ஊற்றும் துத்தநாகமெல்லாம் அதற்கே போகும்.

துத்தநாக சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 287.5 மில்லிகிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதைப் பத்து மடங்கு நீர்த்து, 91 மைக்ரோலிட்டர் புரதத்துக்கு 9 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 90 மைக்ரோமோலார் கிடைக்கும். குளோரைடைவிட சல்ஃபேட்டையே பரிந்துரைக்கிறோம். துத்தநாக குளோரைடு காற்றில் ஈரம் இழுத்து எடை தப்பும், கரைத்தாலும் சில நேரம் வெண்கலங்கலாக நிற்கும். ‘கொஞ்சம் கூடப் போட்டால் என்ன’ என்று 1 மில்லிமோலார் ஊற்றிவிடாதீர்கள். கூடுதல் துத்தநாகம் ஹிஸ் டேக்கிலும் (தூய்மைப்படுத்த வசதியாகப் புரதத்தோடு சேர்க்கும் ஹிஸ்டிடீன் வால்) புறத்தில் உள்ள சிஸ்டீன்களிலும் ஒட்டிப் புரதத்தைத் திரளச் செய்யும்.

தண்ணீர் அயனி நீக்கியதாக, 18.2 மெகாஓம் தரத்தில் இருக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் போதாது. நம் பக்கத்து நிலத்தடி நீரின் உப்புக்குச் சாதாரண வடிகலமும் சில நேரம் தோற்றுவிடும்.

ஒரு மில்லிக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே போக வேண்டாம். அந்த அளவில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். தண்ணீர் விட்டபின் வோர்டெக்ஸ் பண்ணாமல் 10 நிமிடம் ஐஸில் விட்டு, பிப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். கிளிசரால் சேர்த்து, 10 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். மைனஸ் 20 மட்டும்தான் உண்டென்றால் கிளிசரால் 50 சதவீதம் இருக்கட்டும், உறையாமல் நிற்கும். 4 டிகிரியில் ஒரு வாரம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு பங்கை எடுத்தால் அன்றே முடித்துவிடுங்கள். உறைந்து உருகிய பங்கு மறுபடி ஃப்ரீசருக்குப் போகக் கூடாது.

பாஸ்பேட் பஃபரில் கரைக்கலாமா என்று காரைக்குடி வாசகர் கேட்டிருக்கிறார். தவிர்ப்பது நல்லது. துத்தநாக பாஸ்பேட் கரையாத உப்பு. துத்தநாகம் சேர்த்த பி.பி.எஸ். நாளடைவில் கலங்கும். ஹெப்பஸ் பி.எச் 7.5 நம்பிக்கையானது. டிரிஸ் துத்தநாகத்தை இலேசாகப் பிடிக்கும், ஆனாலும் வேலை கெடாது.

கேள்வி: இ.ஜி.ஆர்.1 புரதத்தின் மூன்று விரல் பகுதியை வைத்து எம்சா (புரதம் பிடித்த டி.என்.ஏ. ஜெல்லில் மெதுவாக நகர்வதைப் பார்க்கும் சோதனை) செய்கிறோம். புரதம் ஜெல்லில் ஒற்றை பேண்டாக அழகாக வருகிறது. டி.என்.ஏ. மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது. புரதம் செத்துவிட்டதா?
– ஆய்வு உதவியாளர், தல்லாகுளம்

புரதத்தை அவிழ்த்து ஓட்டும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஒற்றை பேண்ட் என்பது தூய்மைக்குச் சான்று, உயிருக்கு அல்ல. ஆனாலும் புரதத்தைக் குறை சொல்லும் முன் உங்கள் பஃபர்களைப் பாருங்கள். அனுப்பிய குறிப்பில் நான்கு இடத்தில் ஈ.டி.டி.ஏ ஒளிந்திருக்கிறது.

புரோபை (புரதம் பிடிக்க வேண்டிய சிறு டி.என்.ஏ. துண்டு) டி.ஈ. பஃபரில் கரைத்திருக்கிறீர்கள். அதில் 1 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. அதிலிருந்து 1 மைக்ரோலிட்டரை 20 மைக்ரோலிட்டர் கலவையில் விட்டால் 50 மைக்ரோமோலார். உங்கள் கலவையில் துத்தநாகம் 10 மைக்ரோமோலார், புரதம் 0.1 மைக்ரோமோலார். யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. மெக்னீசியம் சேர்த்திருப்பதால் ஈ.டி.டி.ஏ. அதோடு போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். போகாது. ஈ.டி.டி.ஏ. மெக்னீசியத்தைவிடத் துத்தநாகத்தைப் பல கோடி மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும், மெக்னீசியத்தை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளும். ஜெல்லும் ஓட்டும் பஃபரும் 0.5 எக்ஸ் டி.பி.ஈ, அதிலும் 1 மில்லிமோலார். லோடிங் டையிலும் இருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியது இது. புரோபை 10 மில்லிமோலார் டிரிஸ், 50 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் அனீல் செய்யுங்கள். கலவைக்கு 20 மில்லிமோலார் ஹெப்பஸ் பி.எச் 7.5, 75 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 1 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மைக்ரோமோலார் துத்தநாக சல்ஃபேட், 0.5 மில்லிமோலார் டிசெப் (சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது), 8 சதவீதம் கிளிசரால், மில்லிக்கு 0.1 மில்லிகிராம் பி.எஸ்.ஏ, மில்லிக்கு 50 மைக்ரோகிராம் பாலி டி.ஐ.டி.சி. (புரதம் கண்டபடி ஒட்டுவதைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் போட்டி டி.என்.ஏ.). அறை வெப்பத்தில் 30 நிமிடம். 6 சதவீத நேட்டிவ் ஜெல்லை ஈ.டி.டி.ஏ. இல்லாத 0.5 எக்ஸ் டிரிஸ்-போரேட்டில் வார்த்து, அதே பஃபரில் அரை மணி நேரம் வெறும் ஓட்டம் விட்டு, குளிர் அறையில் 100 வோல்டில் ஓட்டுங்கள். கலவையிலேயே கிளிசரால் இருப்பதால் டை தேவையில்லை. பக்கத்து வெற்று லேனில் மட்டும் புரோமோஃபீனால் புளூ விட்டால் ஓட்டம் தெரியும்.

டிசெப்பின் வேலையையே செய்யும் டி.டி.டி. ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதன் இரண்டு தயால்களும் துத்தநாகத்தைப் பிடிக்கக் கூடியவை. பழைய குறிப்புகளில் 1 மில்லிமோலார் போட்டு வேலை நடந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் 5, 10 மில்லிமோலார் என்று ஏற்றுவது வினை. டிசெப் போடுங்கள், ஆனால் அதன் ஹைட்ரோகுளோரைடு கரைசல் கடும் அமிலம், பி.எச் சுமார் 2.5. காரம் விட்டு 7-க்குக் கொண்டுவந்த பிறகே சேர்க்க வேண்டும். பி.எச் 6-க்குக் கீழே இறங்கினால் ஹிஸ்டிடீன் புரோட்டானை ஏற்றுக்கொண்டு துத்தநாகத்தை விட்டுவிடும். பாஸ்பேட் பஃபரில் டிசெப் நெடுநாள் நிற்காது என்பதையும் கவனியுங்கள்.

இ.ஜி.ஆர்.1-க்கு ஜி.சி.ஜி.டி.ஜி.ஜி.ஜி.சி.ஜி என்ற ஒன்பது எழுத்து நடுவில் வரும்படி 25 முதல் 30 எழுத்து நீளத்தில் புரோப் இருக்கட்டும். புரதத்தை 5 நானோமோலாரில் தொடங்கி இரட்டை இரட்டையாக 320 வரை ஏற்றுங்கள். இரண்டு கட்டுப்பாட்டு லேன்கள் கட்டாயம்: ஒன்பது எழுத்தில் நடு மூன்றைக் கெடுத்த புரோப் ஒன்று, நல்ல புரோபோடு 5 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. வேண்டுமென்றே சேர்த்தது ஒன்று. இரண்டாவதில் நகர்வு மறைந்தால்தான், பார்த்தது துத்தநாக விரலின் வேலை என்று தைரியமாக எழுதலாம். பாலி டி.ஐ.டி.சி. போடாமல் எல்லா டி.என்.ஏ.வும் குழியிலேயே தேங்கி நின்றால் அதை வெற்றி என்று கொண்டாடாதீர்கள். காரத்தன்மை மிகுந்த புரதம் எந்த டி.என்.ஏ.வையும் அப்பிக்கொள்ளும்.

கேள்வி: விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகவில்லை, பி.எல்.21 என்ற ஈ.கோலை வகையில் நாங்களே செய்கிறோம். 37 டிகிரி, 1 மில்லிமோலார் ஐ.பி.டி.ஜி. (புரத உற்பத்தியைத் தூண்டுவது). புரதம் முழுக்க வண்டலில். கரைந்து வந்த கொஞ்சத்திலும் 260/280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் விகிதம் 1.4 காட்டுகிறது.
– உதவிப் பேராசிரியர், விருதுநகர்

இரண்டும் இந்தக் குடும்பத்துக்கே உள்ள நோய். வேகமாக உற்பத்தியானால் விரல்களுக்குத் துத்தநாகம் கிடைக்கும் முன்பே சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிவிடும். கல்ச்சர் 600 நானோமீட்டரில் 0.6 வந்ததும் குளிர்வித்து, லிட்டருக்கு 10 மில்லிமோலார் துத்தநாக சல்ஃபேட் 10 மில்லி விடுங்கள், 100 மைக்ரோமோலார் ஆகும். பிறகு ஐ.பி.டி.ஜி. 0.2 மில்லிமோலார், 18 டிகிரியில் 16 மணி நேரம். துத்தநாகத்தைத் தொடக்கத்திலேயே கொட்டினால் கோலை மெதுவாக வளரும். மனித வரிசையில் ஏ.ஜி.ஏ, ஏ.ஜி.ஜி கோடான்கள் (ஈ.கோலைக்கு அரிதான மூன்றெழுத்துக் குறிகள்) அதிகம் இருந்தால் ரொசெட்டா வகை பாக்டீரியாவுக்கு மாறுங்கள்.

18 டிகிரி என்று சொல்வது எளிது. குளிரூட்டும் வசதி இல்லாத ஷேக்கர் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது, நம் ஊர் அறை வெப்பம் மே மாதத்தில் 34. அப்படியானால் ஏ.சி. அறையில் ஷேக்கரை வைத்து 24, 25 டிகிரியில் 5 மணி நேரம், ஐ.பி.டி.ஜி. 0.1 மில்லிமோலார் என்று முயலுங்கள். எம்.பி.பி. என்ற துணைப் புரதத்தை டேக்காகச் சேர்த்த வடிவமும் கரைதிறனைக் கூட்டும். அதன் எடை சுமார் 42 கிலோடால்டன் என்பதை மறக்க வேண்டாம்.

விகிதம் 1.4 என்றால் உங்கள் வயலில் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. தூய புரதம் 0.6 அருகில் இருக்க வேண்டும். நியூக்ளிக் அமிலத்தைப் பிடிப்பதுதானே இதன் தொழில், 150 மில்லிமோலார் உப்பில் அது விடாது. செல்லை உடைக்கும் பஃபரிலேயே சோடியம் குளோரைடை 1 மோலாராக்குங்கள், கூடவே 50 மில்லிமோலார் ஹெப்பஸ், 20 மில்லிமோலார் இமிடசோல், 10 சதவீதம் கிளிசரால், 1 மில்லிமோலார் டிசெப், 1 மில்லிமோலார் பி.எம்.எஸ்.எஃப். புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரை வாங்கினால் ஈ.டி.டி.ஏ. இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வகை நிக்கல் பத்தியையும் (ஹிஸ் டேக்கைப் பிடித்துப் புரதத்தைத் தூய்மையாக்கும் குழாய்) உரித்துவிடும், விரலையும் உரித்துவிடும்.

அப்படியும் விகிதம் இறங்காவிட்டால், தெளிந்த லைசேட்டில் (செல்லை உடைத்த சாற்றில்) பாலிஎத்திலீன்இமின் இறுதி அளவு 0.1 சதவீதம் வரும்படி ஐஸில் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட்டு, 15 நிமிடம் கழித்து 15,000 ஜி-யில் அரை மணி சுழற்றுங்கள். உப்பு அதிகமாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். உப்புக் குறைந்தால் புரதமும் நியூக்ளிக் அமிலத்தோடு சேர்ந்து இறங்கிவிடும். நிக்கல் பத்திக்குப் பிறகு உப்பை 150-க்கு நீர்த்து ஹெபாரின் பத்தியில் ஏற்றி, 1 மோலார் வரை படிப்படியாக உயர்த்தி இறக்கினால் மிச்சமும் கழன்றுவிடும். ஒரே ஒரு பத்திக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நிக்கலுக்கு அடுத்து ஹெபாரினைத்தான் வாங்கச் சொல்வோம்.

கடைசி டயாலிசிஸ்: 20 மில்லிமோலார் ஹெப்பஸ் 7.5, 200 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 10 மைக்ரோமோலார் துத்தநாக சல்ஃபேட், 0.5 மில்லிமோலார் டிசெப், 10 சதவீதம் கிளிசரால். டயாலிசிஸ் பையை ஈ.டி.டி.ஏ. விட்டுக் கொதிக்கவைக்கும் வழக்கம் பல ஆய்வுக்கூடங்களில் உண்டு. செய்தால் அயனி நீக்கிய தண்ணீரில் பலமுறை அலசுங்கள்.

பிளாஸ்மிட் ஏற்றிய கோலையை வளர்ப்பதால் உங்கள் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். தயாரான தூய புரதத்தை வாங்குவோருக்கு அந்த வேலை இல்லை.

கேள்வி: கணக்குப்படி 14 கிலோடால்டன், ஜெல்லில் 19 அருகே நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– திண்டுக்கல் வாசகர்

டேக்கைக் கூட்டினீர்களா? ஹிஸ் டேக்கோடு வரும் இணைப்புத் துண்டே 2, 3 கிலோடால்டன் இருக்கும், ஜி.எஸ்.டி. புரத டேக் என்றால் 26. ஆர்ஜினீனும் லைசினும் மிகுந்த புரதம் ஜெல்லில் உள்ளதைவிடப் பெரிதாகவே தெரியும். 15 சதவீத ஜெல்லில், புதிய பீட்டா மெர்காப்டோஎத்தனால் 5 சதவீதம் சேர்த்து 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்கவைத்து ஓட்டுங்கள். இருமடங்கு எடையில் இன்னொரு பேண்ட் இருந்து இதில் மறைந்தால், சிஸ்டீன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன என்று பொருள். சிஸ்டீன்கள் ஒட்டிய இடத்தில் துத்தநாகம் இருக்காது. பிராட்ஃபோர்டு சாயம் ஆர்ஜினீனை விரும்பிப் பிடிப்பதால், அளவையும் அது கூட்டியே காட்டும்.

கேள்வி: கருவிழி மெலிவு தொடர்பாக இசட்.என்.எஃப். 469 புரதம் முழு நீளத்தில் வேண்டும். பட்டியல்களில் கிடைப்பதை வாங்கலாமா?
– கண் ஆய்வு மாணவி, அண்ணாநகர், மதுரை

இந்த மரபணுவின் பிறழ்வுகள் எளிதில் கிழியும் கருவிழி நோய்க்குக் காரணம் என்பது உறுதியானதுதான். ஆனால் புரதத்தின் நீளம் சுமார் 3,900 அமினோ அமிலம், அதாவது 400 கிலோடால்டனுக்கும் மேல். இந்த அளவை ஈ.கோலையில் முழுதாக எடுப்பது நடக்கிற காரியம் அல்ல. ‘மனித மறுசேர்க்கைப் புரதம்’ என்ற தலைப்பைப் பார்த்து வாங்காமல், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, எந்த உயிரியில் செய்தது என்ற இரு வரிகளைப் படியுங்கள். நூறு, நூற்றைம்பது அமினோ அமிலத் துண்டுகள் ஆன்டிபாடி சரியானதைத்தான் பிடிக்கிறதா என்று தடுத்துப் பார்க்க உதவும். அந்தத் துண்டில் விரலே இல்லாமலும் இருக்கலாம். செல் கல்ச்சரில் ஊற்றுவதாக இருந்தால் எண்டோடாக்சின் (பாக்டீரியா உறையிலிருந்து வரும் நச்சு) அளவைக் கேளுங்கள். அது தெரியாத ஈ.கோலைப் புரதத்தில் காணும் அழற்சி புரதத்தால் வந்ததா, எண்டோடாக்சினால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

கேள்வி: துத்தநாக மாத்திரை சாப்பிட்டால் இந்தப் புரதம் உடம்பில் கூடுமா? இதையே ஊசியாகப் போட முடியுமா?
– மேலூர் வாசகர்

இரண்டும் இல்லை. வயிற்றுப்போக்குக்குக் குழந்தைகளுக்கு 14 நாள் கொடுக்கும் துத்தநாக மாத்திரை தனி மருத்துவம். ஆய்வுப் புரதம் மனிதருக்கோ விலங்குக்கோ மருந்தாகச் செலுத்தும் தரத்தில் தயாரிக்கப்படுவதே இல்லை.

கேள்வி: புரதத்துக்குள் துத்தநாகம் இருக்கிறதா என்று பெரிய கருவி இல்லாமல் பார்க்க வழி உண்டா?
– ஆய்வு மாணவர், தேனி

ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருந்தால் போதும். பி.ஏ.ஆர். என்ற மஞ்சள் சாயம் துத்தநாகத்தோடு சேர்ந்தால் சிவக்கும், 500 நானோமீட்டரில் படிக்கலாம். 50 மில்லிமோலார் ஹெப்பஸ் 7.5, 4 மோலார் குவானிடீன் ஹைட்ரோகுளோரைடு, 100 மைக்ரோமோலார் பி.ஏ.ஆர். கலந்த கரைசலில் 1 மைக்ரோமோலார் புரதத்தை விடுங்கள். குவானிடீன் புரதத்தை அவிழ்த்துத் துத்தநாகத்தை வெளியே தள்ளும். மூன்று விரலும் நிரம்பியிருந்தால் 3 மைக்ரோமோலார் துத்தநாகம், ஒளி உறிஞ்சல் ஏறத்தாழ 0.2 கூடும். துத்தநாக சல்ஃபேட் 0 முதல் 10 மைக்ரோமோலார் வரை இதே கரைசலில் தரக்கோடு போட்டு ஒப்பிடுங்கள்.

புரதத்தை முதலில் துத்தநாகம் சேர்க்காத பஃபரில் டயாலிசிஸ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பஃபரில் உள்ளதையும் சேர்த்து எண்ணிவிடுவீர்கள். அந்தக் கடைசி டயாலிசிஸ் பஃபரையே வெற்று மாதிரியாக வையுங்கள். கண்ணாடிக் கலங்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள். பவுடர் பூசிய கையுறை வேண்டாம், அதிலிருந்தும் துத்தநாகம் வரும். விரலுக்கு ஒன்றுக்கு மேல் கணக்கு வந்தால் நிக்கலைச் சந்தேகியுங்கள். பத்தியிலிருந்து கசிந்த நிக்கலும் பி.ஏ.ஆரோடு இதே சிவப்பைத் தரும். ஹெபாரின் பத்தியில் கழுவி எடுத்த புரதத்தை மறுபடி அளந்து பாருங்கள்.